‘கபால நரம்புகள் நார்மல்’ என்ற ஒற்றை வரியைப் பற்றி

இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கேள்வி, 2023 பிப்ரவரி 4

வார்டில் கேஸ் எழுதும்போது, மண்டையோட்டிலிருந்து வெளிவரும் கபால நரம்புகள் பன்னிரண்டையும் முறைப்படி பரிசோதித்தால் ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் ஆகிறது. வெளிநோயாளிப் பிரிவில் அத்தனை நேரம் யாருக்கும் கிடையாது. எந்த மருத்துவரும் இதை முழுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லாக் கேஸ் ஷீட்டிலும் ‘கபால நரம்புகள் நார்மல்’ என்று ஒரு வரி இருக்கிறது. சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுகிறோம். இந்தப் பரிசோதனையைத் தேர்வுக்காக மட்டுமே உயிரோடு வைத்திருக்கும் சடங்கு என்று சொன்னால் தவறா?

2023 பிப்ரவரி 4, இரவு

சடங்கு என்று நீங்கள் குறிப்பிடுவது அந்த ஒற்றை வரியை என்றால் ஒப்புக்கொள்கிறேன். பரிசோதனையையே சொல்கிறீர்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு, நாற்பது வயது மதிக்கத்தக்க விவசாயத் தொழிலாளி ஒருவரை வயிற்றுவலி என்று அழைத்து வந்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மென்மையாகத்தான் இருந்தது. அமிலத்துக்கு ஊசி எழுதிவிட்டு, பழக்கத்தின்படி அந்த வரியையும் எழுதினேன். ஊசி போட வந்த மூத்த செவிலியர், “டாக்டர், இவர் ஏன் மோவாயத் தூக்கிக்கிட்டே பார்க்கிறார்?” என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். இமைகள் இரண்டும் கண்பாவையின் பாதிவரை இறங்கியிருந்தன. அவர் நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழிருந்த இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கம் என்று நான் நினைத்திருந்தேன். இரவு தரையில் படுத்துத் தூங்கியவர், கட்டுவிரியன் கடித்திருந்தது. கடிவாய் என்று சொல்லும்படி எதுவும் உடம்பில் இல்லை. நச்சுமுறி ஏற்றினோம், அரை மணி நேரத்துக்குள் மூச்சு தளர்ந்து, குழாய் போட்டு, கையால் பையை அழுத்திக்கொண்டே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அவர் பிழைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதுவும் நார்மல் என்றுதான் வந்திருக்கும். கட்டுவிரியன் நஞ்சு, மயஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோய், பாட்டுலிசம் என்னும் கிருமி நஞ்சு ஆகிய மூன்றும் நரம்பு தசையைத் தொடும் இடத்தில் நிகழ்பவை. மூளையின் படத்தில் அவை விழுவதே இல்லை.

2023 பிப்ரவரி 5

நேற்றிரவு எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தபோது, கேள்விக்குப் பதில் சொல்லாமல் கதை சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. நேரம் குறைவாக இருக்கும்போது நான் செய்வதை எழுதுகிறேன். நரம்பின் எண் வரிசையில் போவதை விட்டுவிட்டேன். நோயாளி அறைக்குள் வந்து உட்காரும்வரை கிடைக்கும் நேரத்திலேயே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? இமை இறங்கியிருக்கிறதா? பேசும்போது வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஒரு காதைத் திருப்பிக்கொண்டு கேட்கிறாரா? குரல் மூக்கில் வருகிறதா?

கண்ணுக்கு மட்டும் நான் நேரத்தில் கஞ்சத்தனம் செய்வதில்லை. அறையை மங்கலாக்கி, தொலைவில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டுகிறேன். வெளிச்சம் வந்து விழும்போது பாவை சுருங்காமல் விரிந்தால் அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பு பழுது. பிறகு எதிரே, அவருடைய கண்மட்டத்துக்கு என் கண்மட்டம் வரும்படி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, நாற்புறமும் விரல்களை எண்ணச் சொல்கிறேன். அடுத்து விரலை அகலமான ஒரு ‘எச்’ வடிவத்தில் நகர்த்துகிறேன். தலையும் கூடவே திரும்பும்; திரும்பக் கூடாது என்று மூன்று தடவை சொல்வதைவிட மோவாயை இடது கையால் லேசாகப் பிடித்துக்கொள்வது எளிது.

‘ரெண்டு ரெண்டாத் தெரியுதா?’ என்று கேட்டால் ஆமாம் என்பவர்களில் பலர் மங்கலைத்தான் சொல்கிறார்கள். ஒரு கண்ணை மூடினால் அது போய்விடுகிறதா என்று கேட்க வேண்டும்; போகாவிட்டால் அது பெரும்பாலும் நரம்பின் வேலையன்று. போய்விட்டால், எந்தப் பக்கம் பார்க்கும்போது இரு பிம்பங்களும் அதிகமாக விலகுகின்றன என்று பாருங்கள். வெளியோரத்தில் தெரிவது பழுதான கண்ணின் பிம்பம். எந்தக் கண்ணை மூடினால் அது மறைகிறது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

2023 பிப்ரவரி 5, இரவு

மோப்பத்துக்கான முதல் நரம்பை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் விடுவதால் நானும் விட்டேன். அதற்குமேல் நியாயம் இல்லை. தலையில் அடிபட்டவர், நடத்தை மெல்ல மெல்ல மாறிவருபவர், கை நடுங்குபவர், சாப்பாட்டில் ருசியே இல்லை என்பவர் ஆகியோருக்காவது செய்ய வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, காபித்தூள், சோப்பு, கிராம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏதோ வாசனை வருகிறது, முந்தையது வேறு இது வேறு என்று சொன்னால் போதும்.

2023 பிப்ரவரி 7

திருத்தம். வேறொரு கேள்விக்குப் பதிலாக நான் அவசரத்தில் எழுதியிருந்த ‘வலப்பக்கக் கழுத்துத் தசையைப் பார்க்கத் தலையை வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள்’ என்ற வரியை நீக்கிவிட்டேன். வலப்பக்கத்து ஸ்டெர்னோமாஸ்டாய்டு தலையை இடப்பக்கம் திருப்புகிறது. இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். கை சரியாகச் செய்கிறது, எழுதும்போது தவறுகிறது. சுட்டிக்காட்டியவர் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு மாணவி.

கழுத்தையும் தோளையும் அசைக்கும் பதினோராவது நரம்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் காசநோய்க் கழுத்துக்கட்டிகளுக்குக் குறைவே இல்லை. கழுத்தின் பின்முக்கோணத்தில் கட்டியை வெட்டி எடுக்கும்போது இந்த நரம்பு அறுபடுவது உலகெங்கும் தெரிந்த விபத்து. கட்டி எடுத்தபின் தோள் வலிக்கிறது, சீப்பைத் தலைக்குமேல் கொண்டுபோக முடியவில்லை என்பவர்களைத் தோள்பட்டை மூட்டுக்கு மாதக்கணக்கில் மருத்துவம் பார்த்த கேஸ்கள் உண்டு. சட்டையைக் கழற்றிப் பின்னால் நின்று, இரு தோள்களின் சரிவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

2023 பிப்ரவரி 8

இரண்டாவது திருத்தம். காது மூக்கு தொண்டை நிபுணரான நண்பர் ஒருவர் கிராம்புக்காக என்னைக் கடிந்துகொண்டார். கிராம்பின் காரம், முகத்தின் தொடு உணர்ச்சிக்கான ஐந்தாவது நரம்பையும் கொஞ்சம் உசுப்பிவிடும். எனவே அது சுத்தமான மோப்பச் சோதனை அன்று. ஏற்றுக்கொள்கிறேன். அம்மோனியாவைத் தவிர்க்கச் சொல்வதற்கும் அதுவே காரணம். மோப்பம் அடியோடு போனவரும் அம்மோனியாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதைவிட மோசமான ஒன்றை என் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். காபித்தூள் கையில் இல்லாததால் மாணவர் ஒருவர் நோயாளியின் தலையணைக்கடியிலிருந்த தலைவலித் தைலத்தையே எடுத்து மூக்கருகில் காட்டினார். நோயாளி கண்ணில் நீர் வழிய “தெரியுது, தெரியுது” என்றார். மாணவர் ‘நார்மல்’ என்று எழுதினார். என்ன தெரிகிறது என்று நான் கேட்டேன். “எரியுது” என்றார். மறுநாள் காபித்தூளுக்கு இரு நாசிகளிலும் ஒன்றுமே இல்லை. இருசக்கர வண்டியிலிருந்து பின்மண்டை அடிபட விழுந்தவர். மூளை குலுங்கியதில் நெற்றிக்கடியிலிருந்த சல்லடை எலும்பின் துளைகள் வழியே போகும் மோப்ப இழைகள் அறுந்திருந்தன. எரிவாயு கசிந்தால் தெரியாது என்பதை வீட்டாரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

2023 பிப்ரவரி 12

ஏன் பன்னிரண்டு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேலென் ஏழு இணைகள் என்று எண்ணினார். தாமஸ் வில்லிஸ் 1664இல் தம் மூளை உடற்கூற்று நூலில் வேறு கணக்குப் போட்டார்: முகநரம்பையும் செவிநரம்பையும் சேர்த்து ஒன்று, இன்று ஒன்பது, பத்து, பதினொன்று என்று நாம் சொல்பவற்றைச் சேர்த்து ஒன்று. ஜெர்மனியின் சோமரிங் 1778இல் தம் ஆய்வேட்டில் அவற்றைப் பிரித்து எண்ணிய பன்னிரண்டுதான் நிலைத்தது. உடற்கூற்றுக்கு சோமரிங் சொல்வது சரி. ஆனால் கட்டிலருகே நிற்கும்போது எனக்கு வில்லிஸின் கணக்கே அதிகம் உதவுகிறது, ஏனெனில் சேர்ந்து ஓடும் நரம்புகள் சேர்ந்தே கெடுகின்றன. ஒரு காது மந்தமாகி அதே பக்கத்து முகமும் தளர்ந்தால் ஏழும் எட்டும் சேர்ந்து போகும் இடத்தில், அதாவது சிறுமூளைக்கும் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸுக்கும் இடைப்பட்ட மூலையில், தேட வேண்டும். குரல் கம்மி, விழுங்க முடியாமல், தோளும் சரிந்தால், ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்றும் வெளியேறும் மண்டையோட்டின் அடித்துளையில் தேட வேண்டும். 2021இல் கொரோனாவைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவியபோது, கண் அசையாமல், இமை விழுந்து, நெற்றி மரத்து வந்தவர்களிடம், கண்ணை அசைக்கும் மூன்று, நான்கு, ஆறு, ஐந்தின் முதற்கிளை என்று தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. கண்ணுக்குப் பின்னால் இந்த நரம்புகள் எல்லாம் சேர்ந்து போகும் காவெர்னஸ் சைனஸ் என்று ஒரே இடத்தின் பெயரைத்தான் எழுதினோம்.

இதற்கு நேர்மாறானது, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு. தலைக்குள் அழுத்தம் ஏறினால், கோளாறு எங்கே இருந்தாலும் இந்த நரம்பு தளர்ந்துவிடலாம். காசநோய் மூளைக்காய்ச்சலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். இடத்தைத் தவறாகக் காட்டும் அடையாளம் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. எல்லா நரம்புக்கும் வில்லிஸ் கணக்கு பொருந்திவிடும் என்று நான் மேலே எழுதிய உற்சாகத்துக்கு இது ஒரு கடிவாளம்.

2023 பிப்ரவரி 13

‘பல்லைக் காட்டுங்கள்’ என்று சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவர் பல்செட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். ‘ஈ’ என்று சொல்லச் சொன்னால் போதும். புருவத்தை உயர்த்துங்கள் என்றால் பாதிப் பேர் விழிப்பார்கள். தலையை ஆட்டாமல் மேலே ஓடும் ஃபேனைப் பாருங்கள் என்றால் நெற்றி தானாகச் சுருங்கும். நாக்கை நீட்டச் சொன்னதற்கு, ‘டாக்டர் முன்னால நாக்க நீட்டுறதா’ என்று வெட்கப்பட்ட பாட்டி ஒருவருக்குக் கடைசியில் நானே முதலில் நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

நாக்கை நீட்டுவதற்கு முன், வாய்க்குள்ளேயே ஓய்வாகக் கிடக்கும்போது பார்க்க வேண்டும். நீட்டிய நாக்கு யாருக்கும் கொஞ்சம் துடிக்கும். அதை வைத்து ஒருவருக்கு, தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லிவிடக் கூடாது.

2023 பிப்ரவரி 19

முகநரம்புக்கு வருகிறேன். நெற்றி சுருங்கினால் கோளாறு மேலே, சுருங்காவிட்டால் கோளாறு நரம்பிலேயே என்பது எல்லோருக்கும் தெரியும். முகவாதம் என்று வந்தவரின் காதுமடலைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று தேடுபவர்கள் குறைவு. அக்கி காதுக்குள் வந்தால் மருந்தே வேறு.

நம் நாட்டில் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். தொழுநோய் முகநரம்பின் கண்ணுக்குப் போகும் கிளையைத் தாக்குவதால் கண் முழுதாக மூடாது. ஐந்தாவது நரம்பையும் தொட்டுவிட்டால் கருவிழிக்கு உணர்ச்சியும் இருக்காது. தூசி விழுந்தாலும் தெரியாது, தெரிந்தாலும் மூட முடியாது. இந்த இரண்டையும் ஒரே பஞ்சுத் திரியால் கண்டுபிடித்துவிடலாம். பஞ்சின் நுனியை மெல்லிய இழையாக முறுக்கி, நோயாளியை எதிர்ப்பக்கம் மேலே பார்க்கச் சொல்லி, அவருடைய பார்வைக்குள் வராமல் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியின் ஓரத்தைத் தொட வேண்டும். வெள்ளையைத் தொட்டுவிட்டு அனிச்சை இல்லை என்று எழுதுவது வழக்கமான பிழை. எதிரிலிருந்து கொண்டுவந்தால் அவர் பார்த்தே இமைப்பார்; அப்போது நீங்கள் சோதித்தது பார்வை நரம்பை. ஒரு கண்ணைத் தொட்டால் இரு கண்களும் இமைக்க வேண்டும். தொட்ட கண் மூடாமல் மற்றது மட்டும் மூடினால் உணர்ச்சி இருக்கிறது, மூடும் நரம்புதான் இல்லை.

தொடு உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை: தாடைக்கோணம் ஐந்தாவது நரம்பின் எல்லைக்குள் வராது, அது கழுத்து நரம்புகளுக்கு உரியது. நெற்றிக்கோட்டிலிருந்து தாடைக்கோணம் வரை ஒட்டுமொத்தமாக மரத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே நரம்பின் மேல் ஏற்றிவிடத் தயங்குவேன்.

2023 பிப்ரவரி 20

பேச்சைக் கேட்பதும் பரிசோதனைதான் என்று எழுத மறந்தேன். அண்ணம் தளர்ந்தவருக்குக் காற்று மூக்கு வழியே போய்விடுவதால் வல்லினம் எல்லாம் மெல்லினமாகிவிடும்: ‘பாப்பா’ என்பது ‘மாமா’ போலவும் ‘தாத்தா’ என்பது ‘நானா’ போலவும் கேட்கும். உதடு தளர்ந்தால் ‘ப’ நிற்காது, நாக்கு தளர்ந்தால் ‘ல’வும் ‘ட’வும் நிற்கா. நம் எழுத்து வரிசையே பிறப்பிடத்தின்படி அமைந்திருப்பதால், ‘க’ முதல் ‘ப’ வரை ஒருமுறை சொல்லச் சொன்னால் தொண்டையிலிருந்து உதடு வரை நடந்து வந்ததாகிவிடுகிறது.

மாணவர் ஒருவர் ‘வாழைப்பழம்’ என்று சொல்லச் சொல்லி நாக்கைச் சோதிக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குப் பன்னிரண்டாவது நரம்பு பழுது என்று முடிவாகிவிடும்.

2023 மார்ச் 2

குமட்டல் அனிச்சையைப் பற்றி நான் பல ஆண்டுகள் தவறாகக் கற்பித்திருக்கிறேன். தொண்டையின் பின்சுவரைக் குச்சியால் தொட்டுக் குமட்டல் வந்தால், வாய்வழி உணவு கொடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். நலமாக இருப்பவர்களில் கணிசமானோருக்கு அந்த அனிச்சையே கிடையாது. அது இருப்பவர்களுக்கும் உணவு மூச்சுக்குழாயில் போகலாம். பக்கவாதம் வந்த ஓர் அம்மாவுக்குக் குமட்டல் நன்றாக இருந்ததால் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் நிமோனியா. இப்போது நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் ஈரமாகிறதா என்று கேட்கிறேன். ‘ஆ’ சொல்லச் சொல்லி அண்ணம் சமமாக உயர்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விடவில்லை. உள்நாக்கு நல்ல பக்கத்துக்கு இழுபடும். வெளிநாக்கோ பழுதான பக்கத்துக்குச் சாயும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2023 மார்ச் 11

மயக்கத்தில் இருப்பவரிடம் என்ன செய்வது என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே பேச்சும் இல்லை, ஒத்துழைப்பும் இல்லை. அனிச்சைகள் மட்டுமே மீதம். பாவைக்கு வெளிச்சம், கருவிழிக்குப் பஞ்சு, தலையைத் திருப்பும்போது கண்கள் எதிர்ப்பக்கம் நகர்கின்றனவா என்பது, காதில் குளிர்ந்த நீர், குழாய்க்குள் உறிஞ்சும்போது இருமல். மூளைத்தண்டு இறப்பை உறுதிசெய்யும்போது இதே அனிச்சைகளைத்தான், மூச்சு தானாக வருகிறதா என்ற சோதனையோடு சேர்த்துப் பார்க்கிறோம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி 4 மருத்துவர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இங்கே அந்தக் கட்டுவிரியன் நோயாளியிடம் திரும்பி வருகிறேன். முதற்குறிப்பில் ‘பிழைத்துக்கொண்டார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். இரண்டாம் நாள் அவர் கண்பாவைகள் இரண்டும் முழுதாக விரிந்து வெளிச்சத்துக்கு அசையவில்லை, கருவிழியைத் தொட்டால் இமைக்கவில்லை, இருமல் இல்லை, விரல்கூட அசையவில்லை. மூளை போய்விட்டது என்று எங்களில் ஒருவர் உறவினரிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் யார் என்பதை எழுதாமல் விட்டதன் காரணம், அவர் நான்தான். நஞ்சு தசைகளை எல்லாம் கட்டிப்போட்டிருந்ததால் எந்த அனிச்சையும் வெளியே வர வழியில்லை. அவர் உள்ளே விழித்திருந்தார். ஆறாம் நாள் புருவம் அசைந்தது. எட்டாம் நாள் குழாயை எடுத்ததும், தன் தலைமாட்டில் நான் மனைவியிடம் சொன்னதைக் கேட்டதாகச் சொன்னார். இத்தகைய நச்சும் மயக்க மருந்தும் உடலில் இல்லை என்று உறுதியான பிறகே அந்தச் சோதனைகளில் இறங்க வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான். அது எனக்கு அன்று தெரியாமல் இல்லை, நினைவுக்கு வரவில்லை.

2023 மார்ச் 26

இசைக்கவையைப் பற்றிச் சுருக்கமாக. காதுக்கு 512 ஹெர்ட்ஸ் கவை; நம் வார்டுகளில் கிடைப்பது பெரும்பாலும் 128, அது கால்விரல் அதிர்வுக்கு உரியது. மேசை விளிம்பில் தட்டாமல் முழங்கையில் தட்டுங்கள். ஒரு காது முற்றிலும் கேளாதவருக்கு, கவையைக் காதருகிலும் காதின் பின்னெலும்பிலும் வைத்து ஒப்பிடும் ரின்னி சோதனை ஏமாற்றும்: காதின் பின்னெலும்பில் வைத்த கவையின் ஒலி மண்டையோடு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும், அவரும் ‘கேக்குது’ என்பார். நெற்றி நடுவில் வைக்கும் வெபர் சோதனையை உடன் செய்தால் ஒலி நல்ல காதுக்குச் சாய்ந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

செவிநரம்பு சம்பந்தப்பட்ட ஒரு நோய்க்கு நம் ஊரின் பெயரே இருக்கிறது. இளம் வயதில் கைகால் மெலிந்து, முகமும் நாக்கும் தொண்டையும் தளர்ந்து, இரு காதுகளும் மந்தமாகும் மோட்டார் நியூரான் நோயை மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் சென்னையிலிருந்து எழுதினார்கள். இன்று அதை மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே அழைக்கிறார்கள். கை மெலிந்து வந்த இளைஞர்களின் காதையும் சோதித்தால்தான் தனியாகத் தெரியும் நோய் அது.

2023 ஏப்ரல் 23

கேள்வி கேட்ட மாணவர் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறார். ஷார்ட் கேஸாக, அதாவது குறுகிய நேரத்தில் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளியாக, வந்தது மூன்றாவது நரம்பு வாதம், சர்க்கரை நோயாளி. பாவை இயல்பாக இருக்கிறது, ஆகையால் சர்க்கரையால் வந்ததாக இருக்கலாம் என்று சொன்னாராம். பாவை விரிந்து, வலியும் இருந்திருந்தால் என்ன செய்வாய் என்று தேர்வாளர் கேட்க, ரத்தக்குழாய் வீக்கம் வெடிப்பதற்குள் உடனே படம் எடுப்பேன் என்றாராம். எம்.ஆர்.ஐ.யையும் சடங்கையும் பற்றித் தாம் எழுதியதை நீக்கிவிடலாமா என்று கேட்கிறார். வேண்டாம், இருக்கட்டும், ஸ்கேன் எப்போது உடனே தேவை, எப்போது காத்திருக்கலாம் என்பதை அன்று அவருக்குச் சொன்னது ஒரு டார்ச்.

எனக்கும் ஒரு சிறு விஷயம் தெரியவந்திருக்கிறது. அடுத்த அணி மாணவர்களுக்காகப் புதிய காபித்தூளைச் சிறு புட்டிகளில் அடைத்து, கொடுப்பதற்கு முன் நானே ஒவ்வொரு நாசியாக முகர்ந்து பார்த்தேன். வலப்பக்கம் கும்மென்று வந்தது. இடப்பக்கம் மூன்று முறை முயன்றும் ஏதோ தூசிபோலத்தான் இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. வியாழக்கிழமை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகிறேன். பார்க்கப்போகிறவர் கிராம்புக்காக என்னைக் கடிந்துகொண்ட அதே நண்பர்தான்.